கெத்தை சாலையில் ஒரு முக்கால் மணி நேரம்

நீலகிரிக்குப் போய் வந்தேன் என்றால் முன்பெல்லாம் "குளிர் எப்படி?" என்று கேட்பார்கள். இப்போது "என்னென்ன பாத்த?" என்றுதான் கேட்கிறார்கள். நானும் ஒப்பிப்பேன். காட்டெருமை, கருமந்தி, மலை அணில், தேயிலைக்குள் நுழைந்து மறைந்த கரடியின் முதுகு. பட்டியல் நீள நீள எதிரில் இருப்பவர் முகத்தில் மரியாதை ஏறும். கடைசியில் "உனக்குச் செம லக்" என்று முடிப்பார். போன தடவை மட்டும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. கெத்தை சாலையில் ஓர் அரசுப் பேருந்துக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற ஒருவன் கண்ணில் ஒரு மிருகம் படுகிறதே, அந்த நேரத்தில் அந்த மிருகத்துக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். யோசனை இன்னும் ஒரு பக்கமாக உட்காரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வழியைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம், கோத்தகிரி. அப்புறம் ஊட்டியை ஓரமாகத் தொட்டுவிட்டு முத்தோரை பாலாடா, இத்தலார், எமரால்டு, மஞ்சூர். அங்கே தங்கி, காலையில் கெத்தை, முள்ளி, வெள்ளியங்காடு, காரமடை வழியாக வீடு. பழைய ஆல்டோ, நான் மட்டும். கூட ஆள் இருந்தால் பேச வேண்டியிருக்கும், பாட்டுப் போட வேண்டியிருக்கும், மதியம் எங்கே சாப்பிடலாம் என்று காலை ஒன்பது மணிக்கே ஆரம்பித்துவிடுவார்கள். தனியாகப் போனால் கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு போகலாம். காட்டில் பாதி சங்கதி காதுக்குத்தான் முதலில் வரும். கேளையாடு நாய் மாதிரி குரைக்கும். பழக்கம் இல்லாதவர்கள் பக்கத்தில் ஏதோ ஊர் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். சாலையோரச் சருகில் பெரிதாக எதுவோ நடக்கிற மாதிரி கேட்டு வண்டியை நிறுத்தினால் பெரும்பாலும் அது காட்டுக்கோழி. பின்னால் நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 போட்ட ஜீப் வந்தால் ஒதுங்கி வழி விட்டுவிடுவேன். அவர்களுக்கு மலை ஏற இ-பாஸ் என்கிற இணைய அனுமதிச் சீட்டு தேவையில்லை, வேடிக்கையும் கிடையாது, அது வேலைக்குப் போகிற ரோடு. நமக்குத்தான் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ். 2025 சீசனில் வார நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதிக்கு 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பே வைத்தது. அந்த ஆயிரங்களில் ஒருவனாகத்தான் நானும் மலை ஏறுகிறேன் என்பதை மறக்காமல் மேலே படியுங்கள்.

கரடியும் தேயிலை விலையும்

கோத்தகிரியில் கரடி பார்ப்பது பெரிய விஷயமில்லை. பேக்கரிக் கதவை உடைத்தது, கோயிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்தது, ரேஷன் கடையில் புகுந்தது என்று வாரம் ஒரு செய்தியாவது நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வந்துவிடும். நான் டீ குடித்த கடைக்காரர், "ராத்திரி இந்த ஓரமாத்தாங்க போச்சு, கேமராவுல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வடையைத் திருப்பிப் போட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் தள்ளி, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்ட ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் நானும் ஒரு கரடியின் முதுகைப் பார்த்தேன். அதிகம் போனால் நாலு விநாடி இருக்கும்.

ஆள் உயரத் தேயிலை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தேயிலையை விட்டால் மரமாகிவிடும். கவாத்து வெட்டி வெட்டித்தான் அதை இடுப்பு உயரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம். கவாத்து நின்றுபோனால் அந்தத் தோட்டத்தில் விலை நின்றுபோயிற்று என்று அர்த்தம். சோவியத் ஒன்றியம் இருந்தவரை நீலகிரித் தேயிலைக்கு அங்கே நிச்சயமான சந்தை இருந்தது. உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்த படகர் ஊர்களில் பலர் அந்தத் தைரியத்தில் தேயிலைக்கு மாறினார்கள். 90களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. போராட்டம், உண்ணாவிரதம், மானியம் எல்லாம் வந்து போயின. விழுந்த விலை பழையபடி நிமிரவே இல்லை. பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனார்கள், வயதானவர்களால் மேட்டில் ஏறிப் பறிக்க முடியவில்லை, ஆள் வைத்தால் கூலிக்குக் கட்டுப்படியாகவில்லை. தோட்டம் புதர் மண்டியது. புதர் என்றால் முதலில் வருவது உண்ணிச்செடி. அதன் பழம் கரடிக்குப் பிடிக்கும், அதன் அடியில் பகல் முழுக்கப் படுத்துக் கிடக்கவும் இடம் உண்டு. ராத்திரி இறங்கினால் நூறடியில் ஊர், ஊரில் எண்ணெய், வெல்லம், பன். அந்த நாலு விநாடிக் கரடி முதுகுக்குப் பின்னால் மாஸ்கோ வரைக்கும் போகிற கதை இருக்கிறது. இதைப் போய் என் லக் கணக்கில் எழுதினால் எப்படி?

காட்டெருமை விஷயம் இன்னும் சிக்கலானது. கோத்தகிரியிலும் குன்னூரிலும் இன்று காட்டெருமையைப் பார்க்காமல் திரும்புவதுதான் கஷ்டம். தேயிலைக்கு நடுவே கருப்பாக ஒரு பாறை, அது தலையைத் தூக்கினால் காட்டெருமை. அது தேயிலை இலையைத் தின்பதில்லை. ஓரத்திலும் இடையிலும் முளைக்கிற புல்லுக்காக வருகிறது. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், "எங்க சின்ன வயசுல இந்தப் பக்கம் காட்டெருமையே கிடையாது" என்பார்கள். காட்டை அழித்தோம், அதனால் ஊருக்குள் வருகிறது என்று நாம் உடனே தீர்ப்பு எழுதிவிடுவோம். அதில் உண்மை இருக்கிறது. மேல் மலையின் புல்வெளிகளில் பெரும்பகுதி சீகை மரத்துக்கும் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத்துக்கும் தேயிலைக்கும் போய்விட்டது, புல் மேய்கிற பிராணி புல் இருக்கிற இடத்தைத் தேடி வரத்தான் செய்யும். ஆனால் 1968இல் முதுமலை, பந்திப்பூர் பக்கம் மாட்டினத்தைக் கொல்லும் வெக்கை நோய் வந்து காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதற்கு முன்னால் நூறு வருஷமாவது வேட்டை. வேட்டையை ஒழுங்குபடுத்துவதற்கென்றே 1877இல் ஒரு சங்கம் ஆரம்பிக்கிற அளவுக்கு இந்த மலையில் வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு துப்பாக்கி ஓய்ந்தது, வெக்கை நோயும் 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். அப்படியானால் பெரியவர்களின் சின்ன வயசு என்பது காட்டெருமை மிகக் குறைந்துபோயிருந்த ஒரு காலம். இன்று தோட்டத்தில் நிற்பது விரட்டப்பட்டு வந்ததா, திரும்பி வந்ததா? இரண்டும்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. நிச்சயமாக, ஒன்றை மட்டும் சொல்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

லாங்வுட்டில் ஒன்றும் தெரியவில்லை

கோத்தகிரிக்குப் பக்கத்திலேயே லாங்வுட் சோலை என்கிற மலைக்காடு இருக்கிறது. நூற்றுச் சொச்சம் ஹெக்டேர்தான், சுற்றிலும் ஊரும் தேயிலையும். அதிலிருந்து இறங்குகிற தண்ணீரைக் குடித்து வாழ்கிற கிராமங்கள் பல. 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வனத்துறை அனுமதியோடு அதற்குள் கொஞ்ச தூரம் நடந்தேன். பட்டியல் போடுகிறவனுக்கு அது படுதோல்வி. பாசி, பெரணி, ஈரம், முழங்கால் வரை அட்டை. மேலே எங்கேயோ நீலகிரி சிரிப்பான் கூட்டமாகச் சிரித்தது, ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கருப்பும் ஆரஞ்சுமாக ஓர் ஈப்பிடிப்பான் மட்டும் ஒரு தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தது, வால் ஆட்டியது, போயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. சோலையின் அடிப்புதரை விட்டு அதிக தூரம் போகாது. சாலைக்கு வராது, பேக்கரிக்கு வராது. கார் கண்ணாடி வழியாக அதைப் பார்க்கலாம் என்று காத்திருந்தால் ஆயுசு முடிந்துவிடும்.

நல்ல காடு என்றால் ஒன்றும் தெரியாது, எல்லாம் தெரிந்தால் அது கெட்டுப்போன காடு என்று அங்கேயே ஒரு சூத்திரம் போட்டுக்கொண்டேன். கேட்க நன்றாக இருந்தது. எமரால்டு வருவதற்குள்ளேயே அதில் ஓட்டை விழுந்துவிட்டது. வரையாடு வெட்டவெளியில் வாழ்கிற பிராணி. முக்குருத்தி தேசியப் பூங்காவில் மூடுபனி விலகினால் போதும், புல் சரிவில் கூட்டமாகத் தெரியும். 2024இல் தமிழ்நாட்டில் 1,031 என்று எண்ணினார்கள், அடுத்த வருஷம் 1,303. எண்ண முடிகிறதென்றால் கண்ணுக்குத் தெரிகிறது என்றுதானே பொருள்? சீகூர் பக்கம் கீழே இறங்கினால் முள்காடு, அங்கே புள்ளிமானும் மயிலும் தெரிவது இயல்புதான். ஆக, தெரிகிறதா இல்லையா என்பதை வைத்துக் காட்டை எடை போட முடியாது. வேறு ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் பட்டது. என்ன என்று பிடிபடவில்லை.

மஞ்சூர் வரையிலான வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முத்தோரை பாலாடாவில் கேரட் கழுவிக்கொண்டிருந்தார்கள், இத்தலார் தாண்டி மழை பிடித்தது. 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 80 செ.மீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த அவலாஞ்சி பக்கத்தில்தான் இருக்கிறது என்ற நினைப்பில் வைப்பரைப் போட்டதும் கொஞ்சம் பயமாகவே இருந்தது. அன்றைக்கு அது வெறும் சாரல். மஞ்சூரில் சுடச்சுடப் பரோட்டா.

பேருந்துக்குப் பின்னால்

மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் கீழே இறங்குகிற ரோட்டைச் செய்தித்தாள்கள் மூன்றாவது மாற்றுப்பாதை என்று எழுதும். 43 கொண்டை ஊசி வளைவுகள். 1950களின் பிற்பகுதியில் கனடா உதவியோடு எழுந்த குந்தா மின் திட்டத்தின் அணைகளும் ராட்சதக் குழாய்களும் கூடவே வரும். மேலே தேயிலையும் குளிருமாக ஆரம்பித்து, இறங்க இறங்கக் காது அடைத்து, ஸ்வெட்டரைக் கழற்றி, கடைசியில் மூங்கிலும் புழுக்கமும் வந்துவிடும். யானைகளுக்கும் இது வழக்கமான இடம். மஞ்சூர் – கோவை பேருந்தை யானை மறித்தது என்கிற செய்தியை இந்தப் பக்கத்து ஆட்கள் எத்தனை முறை படித்திருப்போம் என்று கணக்கே இல்லை.

காலைப் பேருந்துக்குப் பின்னால்தான் நான் இறங்கினேன். கெத்தை தாண்டி ஒரு வளைவில் பேருந்து நின்றது, எஞ்சினும் அணைந்தது. ஹாரன் இல்லை. எட்டிப் பார்த்தால் ஐம்பது அறுபது அடி தள்ளி ஒரு பெரிய பெண் யானை, இன்னும் இரண்டு மூன்று, நடுவில் குட்டி. எனக்குப் பின்னால் ஒரு வேன், அதன் பின்னால் இரண்டு கார்கள் வந்து ஒட்டி நின்றுவிட்டன. பேருந்தின் பின்பக்கப் படிக்கட்டருகே ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார், மடியில் துணிப்பை. அவர் என்னைப் பார்த்து, "இதெல்லாம் பாக்கத்தான் வந்தீங்களா தம்பி?" என்றார். ஆமாங்கம்மா என்றேன். "நல்லாப் பாத்துக்கங்க. நான் பதினோரு மணிக்குள்ள காரமடையில கண் டாக்டரைப் பாக்கணும்." கோபமெல்லாம் இல்லை. சும்மா தகவல் சொல்கிற குரல்.

யானைகள் போகவில்லை. பெரியது மலைப்பக்கம் போகும், கருங்கல் தடுப்புச் சுவர் முன்னால் நின்று தும்பிக்கையால் மேலே துழாவும், திரும்பும். பள்ளப்பக்கம் போகும், இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் செங்குத்தாக இறங்குகிற சரிவைப் பார்க்கும், குட்டியைக் காலால் இந்தப் பக்கம் ஒதுக்கிவிட்டுத் திரும்பும். ரோட்டோடு கீழே நடக்கப் பார்த்தது, கீழேயிருந்து ஒரு பிக்கப் வந்து ஹாரனைப் போட்டு அழுத்தியது. காது விரிந்தது, மறுபடி எங்கள் பக்கம். பின்னாலிருந்த வேனில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். "ஆட்டம் காட்டுது பாரு" என்று ஒருவர் வீடியோவுக்குப் பேசிக்கொண்டிருந்தார். ஆட்டமா அது? எனக்கும் முதலில் அழகாகத்தான் இருந்தது. இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம், இந்த மலையில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

அப்புறம் நடத்துநர் இறங்கிப் பேருந்தின் பின்பக்கமாக வந்தார். "அண்ணா, எல்லாரும் பின்னாடி எடுக்கச் சொல்லுங்க. பஸ்ஸை ஒட்டி இடது பக்கம் ஓடை ஒண்ணு வருது பாருங்க, சுவர் அந்த இடத்துலதான் இல்ல. எப்பவும் அதுலதான் ஏறும். நாமதான் அதை மறிச்சிட்டு நிக்கிறோம்." எனக்குப் பின்னால் வேன் நகர்ந்தால்தான் நான் நகர முடியும், நான் நகர்ந்தால்தான் பேருந்து. வேன்காரர், "ஒரு ரெண்டு நிமிஷம் சார், குட்டி இப்பத்தான் தெரியுது" என்றார். நடத்துநர் சண்டை போடவில்லை. ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கும்பிடாத குறையாகச் சொல்லி, கடைசிக் காரிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்வாங்க வைத்தார். முக்கால் மணி நேரத்தில் பாதி இதற்கே போயிற்று. நானும் வளைவைத் தாண்டிப் பின்னால் போனேன், பேருந்து வந்து என் பார்வையை முழுசாக மறைத்தது. சரசரவென்று கிளை முறிகிற சத்தம், சின்னக் கற்கள் உருளுகிற சத்தம், அவ்வளவுதான். யானைகள் ஏறியதை நான் பார்க்கவே இல்லை. ஓட்டுநர் கையை வெளியே நீட்டி வா என்று சைகை காட்டினார்.

லாங்வுட்டில் பிடிபடாமல் போனது இங்கேதான் பிடிபட்டது. யானை கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த நேரம் முழுக்க அதற்கு வழி கிடைக்காத நேரம். வழி கிடைத்ததும் காட்சி முடிந்துவிட்டது. நல்ல காடா கெட்ட காடா என்று யானையை வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன், கேட்க வேண்டியது அது அங்கே நிற்க விரும்பி நிற்கிறதா, போக முடியாமல் நிற்கிறதா என்பதை. சரிவில் மேய்கிற வரையாட்டைப் பார்ப்பதற்கும், தடுப்புச் சுவருக்கும் பிக்கப்புக்கும் நடுவில் குட்டியோடு அல்லாடுகிற யானையைப் பார்ப்பதற்கும் இதுதான் வித்தியாசம். மலை ரயில் பாதையோரம் கட்டிய சுவரைத் தாண்ட முடியாமல் யானைகள் தவித்த வீடியோ 2022இல் வந்து, சத்தம் எழுந்து, சுவரின் ஒரு பகுதியை இடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வீடியோவைப் பார்த்து எல்லோரும் பதறினோம். அதையே வண்டியில் உட்கார்ந்து நேரில் பார்த்தால் லக் என்கிறோம்.

அதற்காக யாரும் மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? நான் போவேன். மண் சரியாமல் இருக்க சுவர் வேண்டும், மஞ்சூர்க்காரர்களுக்கு ரோடு வேண்டும், அந்த அம்மாவுக்குக் கண் டாக்டர் வேண்டும். கோத்தகிரிக் கரடியை இந்தக் கேள்விக்குள் கொண்டுவந்தால் பதிலும் சுலபமாக இல்லை. அது விரும்பித்தான் பன்னுக்கு வருகிறது. காட்டெருமை விரும்பி மேய்கிறதா, வேறு புல் இல்லாமல் மேய்கிறதா என்று அதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் சாலையில் நிற்கிற யானை விஷயத்தில் எனக்கு இப்போது குழப்பம் இல்லை. அங்கே முதலில் செய்ய வேண்டியது, ஓடை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பின்னால் எடுப்பது. இதைத் தெரிந்து வைத்திருப்பவர் காட்டுயிர் நிபுணர் இல்லை, தினமும் அதே வளைவில் டிக்கெட் கிழிக்கிற நடத்துநர்.

முள்ளி சோதனைச் சாவடியில், கேரளப் பக்கம் அட்டப்பாடிக்குப் பிரிகிற இடத்தில், வனத்துறை ஊழியர் என் வண்டியை நிறுத்தினார். பேருந்துக்காரர்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும். "குட்டி எந்தப் பக்கம் ஏறுச்சுங்க? எல்லாம் ஏறிடுச்சா, ஒண்ணு ரெண்டு கீழ நிக்குதா?" என்று கேட்டார். மேலே ஏறப் பைக்கில் காத்திருந்த இரண்டு பையன்களை இன்னும் அரை மணி நேரம் நிற்கச் சொன்னார். பையன்கள் என்னிடம் வந்தார்கள். "எத்தனை ப்ரோ? போட்டோ இருக்கா?" இருந்தது, ஒன்றே ஒன்று. காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

"இது பஸ்ஸு ப்ரோ."